நல்லுசாமி மரவாடியின் தீப்பிடிக்காத பலகை

சேசு மரி சூசை துணை

மேலப்புதூர், திருச்சி
12-7-57

என் அன்பு மகள் பேட்ரிசியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதா தயவில் எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, சிங்கப்பூரில் நீயும் ஆஸ்பத்திரி வேலையில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க மன்றாடுகிறேன். நல்லுசாமியை மன்னித்துவிடுங்கள் அம்மா, அவனுக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தாய், பங்குச் சாமியாரும் அதையேதான் சொல்கிறார். காட்டூர் டூரிங் டாக்கீஸில் அப்பா படம் ஓட்டிய கேபினுக்கு, தீப்பிடிக்காத மருந்து ஏற்றிய பலகை என்று சர்டிபிகேட் காட்டி வெறும் மாம்பலகையை விற்றவன் அவன். பிலிம் பற்றியதும் அது சருகாக எரிந்தது, உன் அப்பாவைத் துணியில் சுற்றித்தான் கொண்டுவந்தார்கள். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஆபரேட்டர் பீடி பிடித்ததால்தான் தீ என்று விசாரணையில் வந்து சத்தியம் செய்தானே, அதைப் பொறுக்க மாட்டேன். மூக்குப்பொடியைத் தவிர எதையும் தொடாத மனுஷர்.

புத்தூரில் கட்டும் புது சினிமாக் கொட்டகைக்கும் அவன் மரவாடிப் பலகைதான், செவ்வாய்க்கிழமை தீயணைப்பு ஆபீசர் பார்க்க வருகிறார் என்று எதிர்வீட்டு மயிலம்மாள் சொன்னாள். போனேன். நல்லுசாமி ஒரு துண்டுப் பலகையை நீட்டினான், ஆபீசர் அதை நெருப்பில் பிடித்தார், ஓரம் கருகியதே தவிரப் பற்றவில்லை. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டார். நான் முன்னால் போய், "ஐயா, அது அவரு கையோட கொண்டாந்த துண்டுங்க. கேபின் பலகையில நெருப்பு வைங்க. வைக்கறப்ப இவரை உள்ள நிக்க வச்சுக் கதவைச் சாத்துங்க. தீப் பத்தாதுன்னு எழுதிக் குடுத்திருக்காருல்ல" என்றேன். யாரம்மா நீங்கள் என்றார். காட்டூரில் வெந்து செத்த ஆபரேட்டர் சம்சாரம் என்றேன். அவர் நல்லுசாமியைத் திரும்பிப் பார்த்து, "உள்ள போறீங்களா?" என்று கேட்டார். அவன் கேபின் கதவை விட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தான். ஆபீசர் கேபின் சுவரிலேயே ஒரு துண்டை அறுக்கச் சொல்லி வெளியே வைத்துக் கொளுத்தினார், எண்ணெய்த் திரி மாதிரி எரிந்தது. லைசென்ஸ் நின்றது, மரவாடிக்குச் சீல் வைத்தார்கள், காட்டூர் கேஸையும் மறுபடி எடுக்கிறார்கள்.

மறுநாள் மத்தியானம் நல்லுசாமி நம் வாசலில் வந்து நின்று, "பிள்ளைகுட்டிக்காரன் தாயி, சாட்சி சொல்லிடாதீங்க" என்று அழுதான். "பீடின்னு சொன்னது பொய்யின்னு கோர்ட்ல நீங்களே சொல்லுங்க, அப்புறம் பேசலாம்" என்று கதவைச் சாத்திவிட்டுச் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் அழுகை கேட்கக் கேட்க எனக்குச் சோறு இறங்கியது பேட்ரிசியா, அப்பா போன பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் நான் சொல்லவில்லை. வருத்தப்படாத பாவத்தை எப்படிச் சொல்வது.

ஈரத் தலையோடு படுக்காதே, வேளைக்குச் சாப்பிடு. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக. வருஷ நினைவுக்கு அங்கே கோவிலில் அப்பாவுக்கு ஒரு பூசை வை, மறந்துவிடாதே. நல்லுசாமிக்காகவும் வேண்டிக்கொள்ளச் சொல்லி மட்டும் இனி எனக்கு எழுதாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
வியாகுலம்மாள்