வலிக்காத குதிகால்

சின்னவளே,

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். திருவிழாவுக்கு முந்தின வாரம் அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரியிலிருந்து குதித்ததில் குதிகால் எலும்பு உடைந்திருக்கிறது. இனிப்புநீர் நோயால் மரத்துப்போன கால், எங்களுக்குத் தெரியவில்லை. "வலிக்கவே இல்ல லா, மாரியாத்தா காப்பாத்திட்டா" என்றார். நானும் நம்பி, வீக்கத்துக்கு மஞ்சள் பற்றுப் போட்டு, பால்குடம் எடுக்க அனுப்பினேன். கோலசிலாங்கூர் ஆற்றங்கரையிலிருந்து கோயில்வரை அந்தக் காலோடுதான் நடந்தார்.

பிறகு ஆப்பரேஷன் செய்து தகடு வைத்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, தையல் கூடவில்லை, புண் மேலே ஏறியது. நேற்று மறுபடியும் ஆப்பரேஷன் அறைக்குள் கொண்டுபோனார்கள்.

இன்று காலையில்தான் முதன்முறையாக, "குதிகால் வலிக்குது, கொஞ்சம் பிடிச்சு விடேன்" என்றார். முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது. அந்த இடத்தில் கைவைத்து வெகுநேரம் பிடித்துவிட்டேன்.

நேற்று ஆப்பரேஷன் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்ட,
உன் அம்மா