சூரியனை இடம் மாற்றினேன், மச்சான்

திட்டுவதற்கு வேறு ஆள் வைக்காமல் போய்ச் சேர்ந்த என் உயிர் மச்சானுக்கு,

சேதி பெரிது, உட்கார்ந்து கேள். செமோர் பக்கம் நம் பழைய ரப்பர் தோட்டத்தில், பால் நிறுக்கும் ஸ்டோர் இருந்த காலியிடத்தில், நான் ஒரு மண்டபமே கட்டிவிட்டேன். செங்கல் இல்லை, சிமெண்ட் இல்லை. கம்ப்யூட்டரில்.

உன் காரியத்தை ஃப்ளாட்டுக்குக் கீழே கார் நிறுத்துமிடத்தில், தார்ப்பாய்க்கு அடியில், கொட்டும் மழையில் செய்தோமே. நல்லது கெட்டதுக்கு நம் சனத்துக்கு ஒரு கூரை இல்லையே என்று அன்றைக்குத்தான் உறைத்தது. நிலம் இப்போது வீடு கட்டும் கம்பெனியுடையது. மேனேஜர் நம்மாள்தான். ஆனாலும், "சின்ன இடம்லா அங்கிள், மண்டபம் பொருந்தாது. பொருந்தும்னா காட்டுங்க" என்றுவிட்டார்.

ஈப்போவில் ஓர் ஆர்க்கிடெக்ட் பெண் கட்டடத்தைக் கம்ப்யூட்டரில் உருவாக்கிக் கொடுத்தாள். அந்த இடத்தில் நான் காலையில் எடுத்த போட்டோவுக்குள் அதைப் பொருத்துவது என் பொறுப்பு. முப்பது வருஷம் பஸ் ஓட்டிய கைக்கு இதென்ன பிரமாதம் என்று யூடியூபைத் திறந்தேன். உலகத்தில் உள்ள அத்தனை வீடியோவையும் பார்த்து முடித்தேன். "இன்னும் ஒரு வாரம் இப்படியே போனா, தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரில கொண்டுபோய்ச் சேத்துருவேன்" என்றாள் உன் தங்கச்சி.

முதல் படத்தில் மண்டபம், வானத்திலிருந்து விழுந்த ஃப்ரிட்ஜ் மாதிரி நின்றது. விட்டேனா? ஓரங்களை மழுக்கினேன். சுவரின் அடியில் செம்மண் நிறத்தை லேசாக ஏற்றினேன். பின்னால் இருக்கும் சுண்ணாம்பு மலையின் மங்கலைக் கூரைமேலும் கொஞ்சம் தூவினேன். மயனே வந்தாலும் எழுந்து நின்று கும்பிடுவான் என்று நெஞ்சை நிமிர்த்தி, அந்தக் காலத்தில் அங்கே பால்மரம் சீவிய பார்வதி அக்காவிடம் காட்டினேன்.

அக்கா ஒரு நொடிதான் பார்த்தார். "காலையில பால் நிறுக்க வாளியோட வந்து, ஸ்டோர் நிழல்லதானே தம்பி நிப்போம். அந்த நேரத்துக்கு நிழல் ஆத்துப் பக்கம்லா விழும். மரத்து நிழலெல்லாம் சரியா இருக்கு, ஒன் மண்டபத்து நிழல் மட்டும் ரோட்டுப் பக்கம் போகுதே. எங்களுக்குத் தெரியாம ரெண்டு சூரியன் வச்சிருக்கியா?"

வெட்கத்தில் ஒரு முழம் குள்ளமானேன். உடனே ஆர்க்கிடெக்டுக்குப் போன் போட்டேன். சூரியனை மேற்கிலிருந்து தூக்கிக் கிழக்கில் வைக்கச் சொன்னேன். வைத்தாள். மன்னாதி மன்னர்களுக்கும் கிடைக்காத அதிகாரம், மச்சான்.

மேனேஜரையும் நம் சனத்தையும் கூட்டிவைத்துப் படத்தைத் திரையில் போட்டேன். மேனேஜரின் முகம் கறுத்தது. "பெர்மிட் இல்லாம எப்படி அங்கிள் கட்டுனீங்க? யாரைக் கேட்டுக் கட்டுனீங்க?"

அந்தக் கேள்வியை ஐந்து நொடி வாயில் போட்டு மிட்டாய் மாதிரிச் சப்பினேன். பார்வதி அக்காதான் பொறுக்காமல், "கட்டலய்யா, படம்தான்" என்றார். சபை சிரித்த சிரிப்பில் மலை ரெண்டு அங்குலம் நகர்ந்தது. மனுஷனும் சிரித்துவிட்டார். மண்டபத்துக்கு அந்த இடம்தான் என்று கடிதத்தில் கையெழுத்தும் போட்டார்.

ஒன்றில் மட்டும் தோற்றேன். உன்னையும் வாசலில் நிறுத்திப் பார்த்தேன். கல்யாண வீட்டில் ஃப்ளாஷ் அடித்து எடுத்த உன் படம், காலை வெயிலில் ஒட்டவே இல்லை. எவ்வளவு முயன்றாலும் நீ அங்கே இல்லாதது தெரிந்தது. எடுத்துவிட்டேன். கோபமா?

மண்டபம் திறக்கிற அன்று முதல் பந்தியில், என் பக்கத்தில் உனக்கு ஓர் இலை போடுவேன். யார் வந்து கேட்டாலும் ஆள் இருக்கு என்பேன். பாயசம் ஆறிப்போனால் மட்டும் உன் பங்கையும் நானே குடித்துவிடுவேன்.

உன் தங்கச்சியைக் கட்டிக்கொண்டு இன்றுவரை உயிர் தப்பி வாழும்,
உன் மச்சான்