இரண்டாவது யோகட் கோப்பை

சித்தப்பா,

நேற்று சித்தி உங்கள் நீல வேலைச் சட்டையைக் கொண்டுவந்து தந்தார். சட்டைப் பைக்குள் கையை விட்டேன். ஒரு யோகட் கோப்பை. அடியில் வெள்ளைக் குறுணிகள், மூக்கைக் கிள்ளும் அதே உர மணம். பாதி உயரத்தில் ஒரு சிவப்புக் கோடு.

கோடு போட்ட என் கோப்பை என் மேசையில்தான் இருக்கிறது.

போன வசந்தத்தில் ஓராண்டு வகுப்புக் கட்டுரைக்காக ஒரு பழைய செய்தியைப் படித்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓர் உர வியாபாரி, தன் சொந்தச் செலவில், தன் வயலிலேயே கோதுமைப் பரிசோதனை நடத்தி, முடிவையும் தானே அச்சிட்டிருக்கிறார். நம் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் நீங்கள் வேலை செய்த மரக்கறிக் கடையில் வைத்து அதைச் சொன்னேன்.

"தான் விக்கிற உரத்துக்குத் தானே மார்க் போட்டவனோ? அப்ப அது பாஸ்தான்!" என்றீர்கள்.

அதை நாமே செய்து பார்ப்போம் என்றேன். நகருக்கு வெளியே செவ்ரானில் நீங்கள் வாடகைக்கு எடுத்திருந்த தோட்டத் துண்டில் இரண்டு வரிசை முளைக்கீரை. ஒன்றுக்கு வாரம் ஒருமுறை உரம், யோகட் கோப்பையில் நான் போட்ட சிவப்புக் கோடு வரைக்கும். மற்றதற்கு வெறும் தண்ணீர். விதையும் உரமும் உங்கள் செலவு.

"அப்ப நான்தானே உன்ர பணக்கார வியாபாரி" என்று சிரித்தீர்கள்.

முதல் இரண்டு வாரம் தண்ணீர் வரிசை மெலிந்து, மஞ்சளாக நின்றது. நீங்கள் அதன் முன்னால் குந்தியிருந்து, "ஒண்டுக்குச் சோறு, மற்றதுக்குப் பட்டினியோ பிள்ளை?" என்றீர்கள். மூன்றாம் வாரம் அது பச்சை பிடித்தது. அன்றிலிருந்து எனக்குச் சந்தேகம். உரப் பையை இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிறு அது ஒற்றை முடிச்சு. கடையில் நீங்கள் கீரைக்கட்டுக்குப் போடும் அதே சுருக்கு.

"ஆர் அவிட்டது சித்தப்பா?"

"எலியாயிருக்கும்."

"செவ்ரான் எலிக்கு முடிச்சுப் போடவும் தெரியுமோ?"

"ஓம், பிரெஞ்சு எலியெல்லோ."

நான் சிரிக்கவில்லை. இனி நீங்கள் களவாய் அளக்க முடியாதென்று கோப்பையைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பிறகு தோட்டத்துக்கு வரவேயில்லை. அறுத்த அன்று இரண்டு கட்டும் ஒரே எடை என்று தொலைபேசியில் சொன்னீர்கள். அதையும் நம்பவில்லை. ஆனாலும், சொந்தச் சித்தப்பாவைக் கள்ளன் என்று எழுத மனமில்லாமல், "உரத்தால் வித்தியாசம் இல்லை" என்று கட்டுரையை முடித்து வைத்தேன். மாரியில் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள்.

இன்று இரண்டு கோப்பைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கோடுகள் ஒரே உயரம். களவிலும் அளவு பிசகவில்லை. அந்த வியாபாரியிடம் ஆசையைத் தேடிய எனக்கு, உங்களிடம் இரக்கத்தைத் தேடத் தெரியவில்லை.

கட்டுரையின் கடைசி வரியை மாற்றிவிட்டேன்: "பரிசோதனை செல்லாது. செலவு செய்தவரே இரண்டாவது வரிசைக்கும் உரமிட்டார்." வெள்ளிக்கிழமை வகுப்புக்கு இரண்டு கோப்பைகளும் என் பையில் வரும். இதில் அவருக்கு என்ன ஆதாயம் என்று ஆசிரியை கட்டாயம் கேட்பார்.

நாள் முழுக்கக் கீரை கட்டி விற்ற நீங்கள் அதை வாயில் வைத்ததே இல்லை, ஆதாயம் பட்டினி கிடந்த வரிசைக்குத்தான் என்று சொல்வேன்.