ஜானகியின் டி.சி.

மயிலாப்பூர்
14.5.93

அன்புள்ள உங்களுக்கு,

பம்பாயில் வெயில் எப்படி? இங்கே நாங்கள் சௌக்கியம்.

என் வகுப்பில் நொச்சிக்குப்பத்திலிருந்து ஜானகி என்று ஒரு பெண் படித்தாள். மார்ச்சில் ஒரு நாள், “மிஸ், என்னை லேபுக்குத் தனியா அனுப்பாதீங்க. அந்த சார் கதவ மூடிக்கிறாரு” என்று அழுதாள்.

தலைமையாசிரியையிடம் சொன்னேன். “அவர் ரிடையராக இன்னும் ரெண்டு வருஷம்தான் இருக்கு. பொண்ணுக்கு டி.சி. குடுத்துடுங்கோ” என்றார். நானே எழுதினேன்.

அவள் அம்மா மீன் கூடையை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வந்தாள். “எம் பொண்ணு இன்னா தப்பு பண்ணிச்சு மிஸ்?”

படிப்பு ஏறவில்லை என்றேன்.

என் எதிரிலேயே ஜானகியை ஓங்கி அறைந்தாள். பிறகு, இத்தனை நாள் பொறுத்துக்கொண்டதற்காக என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். ஜானகி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வாயைத் திறக்காதது எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஜூனில் நம் ஹம்சாவும் எங்கள் ஸ்கூலில்தான் ஆறாவது சேருகிறாள். நேற்று அவளிடம், “லேபுக்கு மட்டும் தனியாப் போகாதேடி” என்றேன்.

“சார் கூப்பிட்டா என்னம்மா பண்றது?”

“வேற யாரையாவது அனுப்பிடு” என்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி