ரோட்டைப் பிடித்த சக்கரம்

லிங்கராஜபுரம்,
ஞாயிறு காலை

அன்புள்ள ரூபிக்கு,

கர்த்தர் கிருபையால் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? எனக்கு வந்திருப்பது கோபம்.

நம் ஷாரன் ஏலகிரி மலைச்சாலையில் ஓட்டக் கேட்டாளே லாங்போர்டு, நின்றபடி ஓட்டும் அந்த நாலு சக்கர நீளப் பலகையை வாங்கினேன். அதற்குப் பிரேக் கிடையாது. பலகையைக் குறுக்கே திருப்பிச் சறுக்கித்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும். சறுக்குகிற சக்கரம் வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னேன். கடைக்காரப் படுபாவி, "இது பெஸ்ட் அங்கிள், ரோட்டை அப்படியே புடிச்சுக்கும்" என்று மெத்தென்ற சக்கரத்தைத் தலையில் கட்டிவிட்டான்.

நல்லவேளை, சர்ச் பக்கத்து இறக்கத்தில் நானே ஏறிப் பார்த்தேன், இந்தத் தொப்பையோடு! திருப்பினேன். சக்கரம் ரோட்டைப் பிடித்துக்கொண்டது. என்னைப் பிடிக்கத்தான் ஆளில்லை. லேசான சிராய்ப்புதான். திருப்பிக் கொடுக்கப் போனால், "ஆகல்ல அங்கிள், திருப்பி எடுக்க முடியாது, யூஸ் பண்ணிட்டீங்களே!" என்கிறான். மலையில் அவள் விழுந்திருந்தால் அவன் கழுத்தை நெரித்திருப்பேன்.

நன்றாகச் சறுக்குகிற, ஓரம் மழுங்கிய கெட்டிச் சக்கரம் வேறு கடையில் வாங்கி மாட்டித்தான் கொண்டுவருவேன். அதுவரை அவளை அவள் சிநேகிதியின் பலகையில் ஏறவிடாதே.

பட்டன் இல்லாத பனியன் சட்டை இரண்டு அனுப்பு. கட்டுப் பிரிக்கும்வரை எனக்குப் பட்டன் போட்டுவிட இங்கே யார் இருக்கிறார்கள்? சர்ச் மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

கோணல் எழுத்துக்கு இடக்கைதான் பொறுப்பு.

உன்
சாலமன்