புகைச் சான்றிதழும் பொங்கல் வேட்டியும்

தை 9, வெள்ளி

மார்கழி முழுக்க என் பழைய காரின் கார்புரேட்டரைக் கழற்றிக் கழற்றிச் சுத்தம் செய்தது இன்றைய புகைப் பரிசோதனைக்காகத்தான். கும்பகோணம் சாலையில் பரிசோதனைக்காரர் நம்பர் பிளேட்டை மட்டும் போட்டோ எடுத்துவிட்டுச் சான்றிதழை நீட்டினார்.

“சைலன்சர்ல டியூப்பே விடலையேங்க?” என்றேன்.

“அதான் பாஸ் ஆயிடுச்சுல்ல சார், கெளம்புங்க.”

நிஜமாகவே பாஸா? தெரிந்துகொள்ளாமல் இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்ததும், கொடியில் கிடந்த வெள்ளைத் துணியைச் சைலன்சருக்கு நேரே பிடித்துக்கொண்டு மனைவியை ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னேன். துணியில் உள்ளங்கை அகலத்துக்குக் கரி.

இறங்கி வந்து பார்த்தவள், “ஐயோ, பொங்கலுக்கு எடுத்த வேட்டிங்க!” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

போலீஸ்காரர் மறித்தால் சான்றிதழைக் காட்டலாம். வேட்டியை யாரிடம் காட்டுவது?