நிலக்கரிக்கு மேலே கிடந்த மணல்

2024 பிப்ரவரி 19, திங்கள்

கம்மாபுரத்துக் கலியம்மாள் கடைக்கு வந்தார். அவர் நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட்டது. மந்தாரக்குப்பத்து ஓரமாக வீடு கட்டுகிறார். இனித் தளம் போட வேண்டும். ஆற்று மணல்தான் வேண்டுமாம். இருபத்திரண்டு வருஷம் ஆற்று மணல் விற்றுப் பேர் வாங்கியவன் நான். இப்போது அரசு ரசீதோடு ஒரு லோடு கிடைப்பதில்லை; ரசீது இல்லாததை நான் தொடுவதில்லை. கல்லை நொறுக்கி எடுக்கும் எம்-சாண்ட் போடலாம் என்றேன்.

"கல்லு மாவுல வூடு கட்டச் சொல்றீங்களா? தலைமேல வுழுந்தா யாருங்க பொறுப்பு?"

தளம் பிசகினால் நானே இடித்துவிட்டு வேறு போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னவனுக்கு நம்பிக்கை இருந்ததா? பாதிதான்.

பிப்ரவரி 22

சுரங்க மண்ணில் எம்-சாண்ட் எடுக்கும் இடத்தைப் போய்ப் பார்த்தேன். நிலக்கரிக்கு மேலே கிடப்பதைத் தோண்டி மலையாகக் கொட்டுவார்கள். இத்தனை வருஷம் அந்த மலையைத் தாண்டித்தான் லாரி ஓட்டினேன், குப்பை என்று நினைத்து. அதை நொறுக்கிச் சலித்துக் கழுவுகிறார்கள். ஒரு பக்கம் சேறு ஓடுகிறது. மறுபக்கம் பெல்ட்டிலிருந்து மணல் — வெளுப்பாக, ஈரமாக, நிற்காமல் விழுகிறது.

ஒரு பிடி எடுத்து வெயிலில் பார்த்தேன். ஆற்று மணல் உருண்டை. இதில் ஒவ்வொன்றுக்கும் முனை இருக்கிறது. மனுஷனே இல்லாத காலத்திலிருந்து மண்ணுக்குள் கிடந்தது, என் உள்ளங்கையைக் குத்துகிறது.

திரும்பும்போது அந்த மலையோரம் வண்டியை நிறுத்திப் பார்த்துக்கொண்டே நின்றேன். வியாபாரி நிற்க வேண்டியதை விட அதிக நேரம்.

பிப்ரவரி 23

லோடு இறக்கினேன். எங்கிருந்து வந்தது என்று கலியம்மாள் கேட்டார். சொன்னேன்.

"அப்ப எங்க நெலத்து மண்ணும் இதுல கெடக்குமா?"

"யாரு நெலத்து மண்ணுன்னு எவனாலயும் சொல்ல முடியாதும்மா."

"கெடக்கலாம்ல?"

"கெடக்கலாம்."

பிறகு ஆற்று மணல் பேச்சையே அவர் எடுக்கவில்லை.

மார்ச் 6

தளம் போட்ட நாள். பாவாடை மேஸ்திரி முப்பது வருஷ ஆள். சிமென்ட் மூட்டைக்கு இருபத்தைந்து லிட்டர் தண்ணீர், ஒரு சொட்டு கூடக் கூடாது என்று காலையிலேயே வாளியைக் கையில் கொடுத்தேன். டீ வாங்கி வருவதற்குள் கலவை மெஷினுக்குள் ஹோஸ் பைப். கலவை கூழாக ஓடுகிறது.

"என்ன மேஸ்திரி இது?"

"மணலு மொரண்டு பண்ணுது மொதலாளி. கரண்டிக்கு வராம நின்னுகினு இருக்குது. ஆத்து மணலுக்கு இப்பிடித்தான ஊத்துவோம்."

"இது ஆத்து மணல் இல்ல. போட்டத வாரிக் கொட்டுங்க."

"மூணு கலவ போயிருக்குது. நீங்க மணலு வித்தவரு, நான் தளம் போட்டவன்."

"அந்தம்மா இதுக்குக் கீழதான்யா படுக்கப் போவுது!"

கத்தியிருக்கக் கூடாது. என்ன செய்ய, வாக்குக் கொடுத்தவன் நான்தானே. கலியம்மாள் மண்வெட்டியோடு மேலே ஏறிவிட்டார். எல்லாரும் சேர்ந்து வாரிக் கொட்டினோம். பலம் சோதிக்க அந்தக் கூழில் ஒரு க்யூப், சரியான கலவையில் ஒரு க்யூப் அச்சில் போட்டு வைத்தேன்.

பாவாடை மாலை வரை வாளியால் அளந்துதான் ஊற்றினார். நான் வாங்கி வந்த டீயைத் தொடவில்லை.

மார்ச் 7

தளத்தின் மேல் கலியம்மாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருக்கிறார். ஒரு வரப்பும் கசியவில்லை.

மார்ச் 15

இடித்துத் தருகிறேன் என்று ஏன் சொன்னேன்?

ஏப்ரல் 3

இருபத்தெட்டாம் நாள். க்யூப் இரண்டையும் கல்லூரி லேபுக்குக் கொண்டுபோனேன். பாவாடையும் வந்தார், கூப்பிடாமலே. லேபில் க்யூபை அழுத்தி உடைக்கும் மெஷினில் சங்கீதா என்ற பெண். "நாப்பத்தஞ்சு டன் தாண்டணும் சார்" என்றது.

முதலில் கூழ்க் க்யூப். முப்பத்தொன்றில் பொலபொலவென்று உதிர்ந்தது.

அடுத்தது. நாற்பது. நாற்பத்தைந்து. அசையவில்லை. ஐம்பது. ஐம்பத்தெட்டில் 'டம்' என்று ஒரு சத்தம்.

ஒரு சாண் கூட இல்லாத கட்டி. லோடு ஏற்றின லாரி இரண்டு அதன் தலையில் ஏறி நின்ற மாதிரி. உடைந்த முகத்தைப் பார்த்தேன்: ஜல்லியே இரண்டாகப் பிளந்திருக்கிறது, சுற்றிப் பிடித்த மணல் விடவில்லை. அந்த முனைகள். குப்பை என்றேனே இதை.

பாவாடை உதிர்ந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப நான் இம்மாம் நாளு பைப்பு வச்சிப் போட்ட தளமெல்லாம்..." அந்தத் தளங்களில் பாதிக்கு மேல் என் கடை மணல்.

ஏப்ரல் 12, வெள்ளி

தளத்தைத் தாங்கிய சென்ட்ரிங் பலகையெல்லாம் பிரித்தாயிற்று. மிச்ச மணலைத் திருப்பி எடுத்துக்கொள்வது எங்கள் கடை வழக்கம். டிராக்டரோடு போனேன். புதுத் தளத்துக்குக் கீழே கலியம்மாளோடு பேசிக்கொண்டிருக்கையில் சுரங்கத்தில் வெடி வைத்தார்கள்; தரை ஒரு முறை அதிர்ந்தது. இருவரும் மேலே பார்த்தோம். ஒரு தூசி விழவில்லை.

மண்வெட்டியை எடுத்த ஆளைக் கலியம்மாள் தடுத்தார்.

"அத வுட்டுட்டுப் போங்க."

"இன்னொரு கட்டடமா கட்டப் போறீங்க?"

"இல்ல. எங்க மண்ண இன்னொரு தபா யாரும் எடுத்துகினு போவ வாணாம்."

டிராக்டரைக் காலியாகவே திருப்பினேன்.